இரண்டு தோல், நான்கு குறை

கேள்வி: எனக்கு வங்கி வேலை, ஊர் தஞ்சாவூர். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தோல் வேலை பழகுகிறேன். சென்னைக்குப் போனபோது பெரியமேட்டில் துண்டுத் தோல் இரண்டு கிலோ வாங்கி வந்தேன். அதில் கணவருக்கு ஒரு பர்ஸும், அப்பாவின் ஸ்கூட்டர் சாவிக்கு ஓர் உறையும் செய்தேன். பர்ஸின் ஓரத்தை ஈரம் தொட்டு எவ்வளவு தேய்த்தும் மினுமினுப்பு வரவில்லை, பஞ்சு பஞ்சாகவே நிற்கிறது. தையல் முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் பல்வரிசை தப்பினது போல இருக்கிறது. மடித்தால் மூடாமல் வாயைப் பிளக்கிறது. சாவி உறையை நனைத்து வளைத்த மறுநாள் அதில் கறுப்புப் புள்ளிகள். என் கைக்கு இந்த வேலை ஒத்துவராதா? மிச்சத் தோல் பாலித்தீன் பையில் பீரோ மேல் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒரு துப்பு இருக்கிறது. ஓரம் மினுங்காத பர்ஸும் கறுப்புப் புள்ளி விழுந்த உறையும் ஒரே வகைத் தோலாக இருக்க வழியில்லை. எடைக்கு வாங்கிய துண்டுகளில் இரண்டு சாதி கலந்து வந்திருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தியிருக்கிறீர்கள். நான்கு குறையில் இரண்டுக்கு இதுதான் காரணம். உங்கள் கைக்கு அதில் பங்கே இல்லை.

ஒன்று, பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது பழைய வழக்கம். திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பகுதிகள் இதற்குப் பேர் போனவை. இந்தத் தோல் விறைப்பாக இருக்கும். நனைத்தால் களிமண் போல வளையும், காய்ந்ததும் அந்த உருவத்திலேயே நிற்கும். மற்றது, குரோமிய உப்பில் பதனிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்கும் பைக்கும் போகிற மெத்தென்ற தோலில் பெரும்பங்கு இந்த வகைதான். கசக்கினாலும் பழையபடி விரிந்துகொள்ளும். பர்ஸுக்கு நீங்கள் எடுத்தது இதுவாகத்தான் இருக்கும். மெத்தென்று இருந்ததால் கை அதன் பக்கம் போயிருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான்.

கண்டுபிடிக்க, புதிதாக ஒரு வெட்டு வெட்டி நடுப்பகுதியைப் பாருங்கள். நீலமோ சாம்பலோ தட்டினால் பெரும்பாலும் குரோம். பழுப்பாக இருந்தால் பட்டை. சாயம் உள்வரை ஓடியிருந்தால் இது உதவாது. அப்போது நூல் கனத்துக்கு ஒரு துண்டைச் சீவி, வாசலில் காற்றோட்டமாக நின்று இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். குரோம் சாம்பலில் பச்சை தட்டும். அந்தப் புகை மூக்கில் ஏற வேண்டாம், சாம்பலைக் கையால் தொடவும் வேண்டாம்.

இப்போது ஓரம். ஈரம் தொட்டுத் தேய்ப்பது பட்டைத் தோலுக்கான வித்தை. தேய்க்கிற சூட்டில் அதன் நார்கள் படிந்து இறுகும். அந்த இறுக்கம்தான் மினுமினுப்பு. குரோம் தோலின் நார் ரப்பர் போலத் துள்ளி எழுந்துவிடும். ஆறு மணி நேரம் தேய்த்தாலும் அதேதான். அதற்கு இரண்டு வழி உண்டு. ஓரத்தை அரை மில்லிமீட்டர் வரை சீவி மெலிதாக்கி, உள்பக்கமாக மடித்து ஒட்டித் தைப்பது ஒன்று. இல்லையென்றால் ஓரத்துக்கென்று விற்கிற அக்ரிலிக் பெயின்ட். உப்புத்தாளால் சமப்படுத்தி, மெல்லிய பூச்சாக மூன்று முறை பூச வேண்டும். ஒவ்வொன்றும் காய்ந்தபின் லேசாக உப்புத்தாள் ஓட்டி அடுத்தது. ஒரே பூச்சாகக் கெட்டியாக அப்பினால் இரண்டே மாதத்தில் உரிந்து வரும். நான் அப்பிப் பார்த்திருக்கிறேன். பட்டைத் தோலுக்கு 220 நம்பர், பிறகு 400 நம்பர் உப்புத்தாள், விரல் நுனி ஈரம், கெட்டித் துணியால் தேய்ப்பு, முடிவில் தேன்மெழுகு. ஈரம் அதிகமானால் ஓரம் காளான் தலை மாதிரி விரிந்துவிடும்.

கறுப்புப் புள்ளிக்கு வருகிறேன். இரும்புக் கத்தியால் வாழைக்காய் நறுக்கினால் கறுக்கிறதே, அதே சங்கதி. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்புதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியது இந்தக் குணத்தை வைத்துத்தான்; கலம்காரித் துணியில் வரும் கறுப்பும் இதுவே. உங்கள் உறையில் அந்த மை தானாகவே உருவாகியிருக்கிறது. ஈரத் தோலில் இரும்புக் கிளிப் போட்டீர்களா? உப்புத்தாளில் கத்தி தீட்டிய கையோடு தொட்டீர்களா? கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் போதும். அரை மூடி எலுமிச்சையை ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்து, வெள்ளைத் துணியில் தொட்டு உறை முழுக்கத் துடையுங்கள். புள்ளியில் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் தனியாகத் தெரியும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து நிழலில் காயவிட்டு, காய்ந்தபின் துளி எண்ணெய் கொடுங்கள். புதுப் புள்ளி போய்விடும், பழையது மங்கும். அப்போதும் போகாவிட்டால் மொத்தமாகக் கறுப்புச் சாயம் ஏற்றிவிடுங்கள், அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. இனி ஈரத் தோலுக்குத் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்தான்.

மற்ற இரண்டும் உங்கள் கணக்கு.

பர்ஸ் ஏன் வாய் பிளக்கிறது? இரண்டு கோரைப்பாயை ஒன்றன்மேல் ஒன்று போட்டுச் சுருட்டிப் பாருங்கள். உள்பாயின் முனை வெளியே துருத்தும், ஏனென்றால் வெளிப்பாய் சுற்ற வேண்டிய தூரம் கூட. பர்ஸிலும் அப்படித்தான். வெளித்தோலும் உள்தோலும் ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால், முழுதாக மடிக்கும்போது உள்தோல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே அளவில் வெட்டி, தட்டையாக மேசையில் வைத்து ஒட்டியிருப்பீர்கள். அடுத்த முறை ஒரு பக்கத்தை ஒட்டியபின், மடித்த நிலையில் வைத்து மறுபக்கத்தை ஒட்டுங்கள். சொல்யூஷனை இரண்டு பரப்பிலும் தடவி, விரல் வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்வரை பொறுத்து அழுத்த வேண்டும். வழவழப்பான முகத்தில் ஒட்டுவதானால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தையலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது துளையை. உளியைச் சாய்த்துப் பிடித்து அடித்தால் முன்பக்கம் கோடு நேராக விழும், பின்பக்கம் அலையும். தலைக்கு நேரே விளக்கை வைத்து, உளி செங்குத்தாக நிற்கிறதா என்று ஒவ்வொரு அடிக்கும் பாருங்கள். அடியில் நறுக்குப் பலகை கட்டாயம் வேண்டும்.

துளை சரியாக இருந்தும் தையல் கோணினால், ஊசிகளின் முறை மாறுகிறது என்று அர்த்தம். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் விடுகிற இரண்டு ஊசித் தையலில் எந்த ஊசி முதலில் போகிறதோ அதே ஊசிதான் கடைசிவரை முதலில் போக வேண்டும். இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலே போவதானால் எல்லாத் துளையிலும் மேலே. கீழே என்றால் எல்லாவற்றிலும் கீழே. டிவி பார்த்துக்கொண்டு தைத்தால் பதினைந்தாவது துளையில் இது மாறும். ஆனால் முப்பதாவது துளையில்தான் கண்ணுக்குப் படும். இழுக்கும்போது இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுக்கட்டும். முதல் நூலை இரண்டாவது ஊசி குத்திவிட்டால் இறுக்கவே முடியாது, அங்கேயே உருவிவிட்டுத் திரும்பப் போடுங்கள். தையல் நீளத்துக்கு நான்கு மடங்கு நூல் எடுங்கள், பாதியில் ஒட்டுப்போட வேண்டி வராது. மெஷின் நூல் வேண்டாம், 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் மெழுகு நூல்.

ஒரு யோசனை. உங்கள் தெருமுனையில் செருப்புத் தைப்பவர் இருந்தால், அறுந்த வாரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் பக்கத்தில் இருங்கள். அவர் தைக்கிற முறை வேறு, கொக்கி ஊசி. ஆனால் கத்தியை எத்தனை தடவை கல்லில் தீட்டுகிறார் என்று எண்ணுங்கள். நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் மாதத்துக்கு ஒரு தடவை தீட்டுகிறோம், பிறகு வெட்டு கோணியது என்கிறோம். கேட்டால் சொல்லித் தருவார். அவர் நேரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.

கணவரின் பர்ஸைப் பிரிக்க வேண்டாம். குரோம் தோலில் பிரித்த துளைகள் மூடாது. ஓரத்துக்குப் பெயின்ட் கொடுங்கள். வாய் பிளப்பது பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் படியும். அடுத்ததை முதலில் அட்டையில் வெட்டி மடித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மிச்சத் தோலைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் அந்தப் பாலித்தீன் பையை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். தோலுக்குக் காற்று வேண்டும். ஐப்பசி மழைக்குள் அத்தனையும் பூசணம் பிடித்துவிடும். ஏற்கெனவே பிடித்திருந்தால் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் ஒரு நாள் காயவையுங்கள். பிறகு இரண்டு சாதியையும் பிரித்து, தனித்தனியாகப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.