போர்-கிறிஸ்மஸ்: கெர்கெலன் தீவின் ஒரு மூலை

கேள்வி: சார், ஆஸ்திரேலியாவிடம் இருக்கும் கிறிஸ்மஸ் தீவுதானே இது?

இல்லை. அது ஜாவாவுக்குத் தெற்கே வெப்பமண்டலத்தில் இருக்கிறது. போர்-கிறிஸ்மஸ் (பிரெஞ்சில் ‘போர்’ என்றால் துறைமுகம்) இருப்பது இந்தியப் பெருங்கடலின் தெற்கே, ஏறக்குறைய 49 டிகிரி தென் அட்சரேகையில், பிரான்சுக்குச் சொந்தமான கெர்கெலன் தீவுகளில். பெரிய தீவின் வடமுனையில் லுவாசோ விரிகுடா. அதன் உள்மூலையில் கப்பல் நங்கூரமிடத் தோதான துறைதான் போர்-கிறிஸ்மஸ்.

கேள்வி: லுவாசோ என்றால் பிரெஞ்சில் பறவையாமே. பென்குவின்களைப் பார்த்து வைத்த பெயரா?

அது கப்பலின் பெயர். இந்தத் தீவுகளைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக் கடலோடி கெர்கெலனின் இரண்டாம் பயணத்தில், 1774 ஜனவரியில், லுவாசோ கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி பெயரால் தீவை உரிமை கொண்டாடி, ஒரு சீட்டைப் பாட்டிலில் போட்டு விட்டுப் போனார்கள். கெர்கெலன் இரண்டு பயணத்திலுமே அந்தத் தீவில் கால் வைக்கவில்லை.

கேள்வி: அப்புறம் கிறிஸ்மஸ் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கிடமிருந்து. 1776 கிறிஸ்மஸ் அன்று அவருடைய கப்பல்கள் அங்கே இருந்தன. ஆனால் தண்ணீர் பிடிக்கும் வேலை தலைக்கு மேல். 27ஆம் தேதிதான் மாலுமிகளுக்குப் பண்டிகை விடுமுறை கிடைத்தது. அன்று கரையில் சுற்றப் போன ஒருவர், பாறையில் கம்பியால் கட்டியிருந்த அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தார். உள்ளே தோல்தாளில் லத்தீன் வரிகள். குக் அதைக் கிழித்துப் போடவில்லை. பின்பக்கத்தில் தன் கப்பல்களின் பெயரையும் ஆண்டையும் எழுதி, 1772ஆம் வருடத்து வெள்ளி இரண்டு பென்னி நாணயம் ஒன்றையும் சேர்த்துப் போட்டு, ஈயத்தால் மூடி, கற்குவியலுக்குள் வைத்தார். துறைக்குக் கிறிஸ்மஸ் என்று பெயரிட்டார். பின்னால் பிரெஞ்சுக்காரர்களும் அந்தப் பெயரை மாற்றாமல் விரிகுடாவுக்கு லுவாசோ, துறைக்குக் கிறிஸ்மஸ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். யார் முதலில் வந்தார், யார் அடுத்து வந்தார் என்பது வரைபடத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: பழைய ஓவியங்களில் ஒரு பெரிய கல்வளைவு தெரிகிறதே?

விரிகுடா வாயிலின் தென்பக்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்பகுதி இடிந்து விழுந்துவிட்டது. இப்போது இரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன.

கேள்வி: மரமே இல்லையாமே, அவ்வளவு குளிரா?

குளிரைவிடக் காற்றுதான் காரணம். மேற்கிலிருந்து வருடம் முழுக்க வீசும், வழியில் தடுக்க நிலமே கிடையாது. ஆனால் 1840இல் பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் ராஸ் குழுவினர் இதே துறையில் கல்லாகிப்போன மரங்களையும் நிலக்கரியையும் பார்த்தார்கள். ஒரு காலத்தில் அங்கே காடு இருந்திருக்கிறது.

கேள்வி: போய்ப் பார்க்க முடியுமா?

விமான நிலையம் இல்லை. இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து மரியோன் துஃப்ரேன் கப்பல் வருடத்துக்குச் சில முறை போகும், சில பயணிகளையும் ஏற்றிக்கொள்ளும். ஆனால் அது போவது கிழக்குக் கரையிலுள்ள ஆய்வு நிலையமான போர்-ஒ-ஃபிரான்சேவுக்கு. போர்-கிறிஸ்மஸ் தீவின் இன்னொரு கோடி.