பாதத்தின் மேல் இரண்டு விரல்

வாசகர் கேள்விகளுக்கு ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் கால் ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் நோயாளிகளே எழுதியவை மூன்றோ நான்கோதான். மற்றதெல்லாம் மகளோ மருமகளோ மனைவியோ எழுதியவை. அந்தக் காலைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். அதனால் இந்த முறை அவர்களுக்கே சொல்வதுபோல எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. 20 வருடமாகச் சர்க்கரை. தெருமுனைக்குப் போவதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு, ‘தொடையில் முழு அடைப்பு, உடனே பைபாஸ் செய்யாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும்’ என்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?
– வாசகி, விருதுநகர்

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி, ‘நின்றால் சரியாகிவிடுகிறது’ என்பதுதான். சும்மா இருக்கும்போது தசைக்கு வேண்டிய ரத்தம் பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாக எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது, நடக்கும்போதுதான் போதவில்லை. ஸ்கேனில் அடைப்பு எத்தனை நீளம் என்பதை மட்டும் வைத்துக் கத்தி எடுக்கக் கூடாது. அப்பாவிடம் கேளுங்கள். ராத்திரி படுத்தால் பாதம் வலிக்கிறதா, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் தூக்கம் வருகிறதா? இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் உண்டா? விரல் எதுவும் கருத்திருக்கிறதா? இதில் எதுவும் இல்லை என்றால் நாளைக்கே ஆபரேஷன் என்று ஓட வேண்டாம். ஆனால் ஒன்று, சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போய் வலியே தெரியாமல் இருக்கும். அதனால் கேட்டதோடு விடாமல், டார்ச் அடித்து விரல் இடுக்கையும் குதிகாலையும் கண்ணால் பாருங்கள்.

அப்பாவுக்கு முதல் மருந்து நடைதான். வலி வரும்வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். ‘வலிக்கிற காலை எப்படி நடக்க வைப்பது’ என்று வீட்டில் தயங்குவார்கள். புண் இல்லாத காலில் அந்த வலி கெடுதல் செய்யாது. கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு. புகைபிடிப்பவர் என்றால் அதை நிறுத்தாமல் மற்ற எதுவும் பலிக்காது.

கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்து, அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்துச் சொல்லச் சொல்லுங்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு. வெகுநாள் சர்க்கரையில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்துவிடுவதால் எண் பொய்யாக ஏறி 1.4 கூடக் காட்டும். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். அப்புறம், இதயத்தையும் பரிசோதியுங்கள். நடந்தால் மட்டும் கால் வலிக்கிறவர்களில், காலை இழப்பவர்களைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சிக்குகிறவர்கள்தான் அதிகம். இதைச் சொல்லாமல் காலை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

ஒரு டாக்டர் ஸ்டென்ட் போதும் என்கிறார், இன்னொருவர் பைபாஸ்தான் நிலைக்கும் என்கிறார். யாரை நம்புவது? அம்மாவின் கட்டைவிரல் கருத்துவிட்டது.
– வாசகர், தேனி

விரல் கருத்துவிட்டது என்றால் காத்திருக்க நேரமில்லை. இந்த வாரத்துக்குள் முடிவெடுங்கள். இரண்டு மருத்துவர்களும் பொய் சொல்லவில்லை. 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர், காலை எடுக்க மறுத்த 82 வயது அம்மையார் ஒருவருக்கு ஊசித்துளை வழியாகக் குழாயை விட்டுத் தொடை அடைப்பை விரித்தார். அந்த அம்மா சாகும்வரை தன் காலிலேயே நடந்தார். அடைப்பை விரிக்கும் பலூன், விரித்த இடம் மூடாமல் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பைபாஸ் அதற்கும் மூத்தது. 1948-ல் பாரிஸில் ழான் குன்லின், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான சிரையை நோயாளியின் காலில் இருந்தே எடுத்து அடைப்பைத் தாண்டிப் பாலம் போட்டார். சிரைக்குள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் வால்வுகள் உண்டு. அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். நூல் நீல நிறம், தலைமுடி கனம்தான் இருக்கும். இந்தத் தையலைச் சாத்தியமாக்கிய அலெக்சிஸ் காரெல், லியோன் நகரத்துப் பூத்தையல்காரி ஒருவரிடம் நுணுக்கம் கற்றவர். அவருக்கு 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது. தையல் முடிந்து கிடுக்கியை எடுத்ததும் தட்டையாகக் கிடந்த சிரை புடைத்துத் துள்ளும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன். இன்றும் அந்த நொடியில் ஆபரேஷன் தியேட்டரில் யாரும் பேசுவதில்லை.

எது நல்லது என்பதற்கு வருவோம். 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 1,830 பேர். தொடையிலிருந்து எடுக்க நல்ல சிரை உள்ளவர்களுக்குப் பைபாஸ் மேலானதாக இருந்தது. அடுத்த வருடமே வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 345 பேர், எல்லாரும் முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்கள். அதில் பலூன் வழியை முதலில் எடுத்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஆகவே இரண்டு மருத்துவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘அம்மாவின் சிரையை ஸ்கேனில் அளந்து பார்த்தீர்களா?’ சிரை நன்றாக இருந்து, இதயமும் தாங்கும் என்றால் நான் பைபாஸ் பக்கம் சாய்வேன். சிரை இல்லை, வயதும் இதயமும் ஒத்துழைக்கவில்லை என்றால் பலூன். அளக்காமலே முடிவு சொல்கிறவரிடம் இன்னொரு முறை யோசிக்கச் சொல்லுங்கள். செலவு கவலை என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது.

கணவருக்குப் பைபாஸ் முடிந்து 16 நாள். முன்பு ஒல்லியாக இருந்த கால் இப்போது யானைக்கால் போல வீங்கியிருக்கிறது. கணுக்கால் உள்பக்கம் மரத்துப்போயிருக்கிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டதா?
– வாசகி, கும்பகோணம்

பெரும்பாலும் இல்லை. பட்டினி கிடந்த காலுக்கு ஒரே நாளில் ரத்தம் பாய்கிறது. சிரை எடுத்த இடத்தில் நிணநீர்க் குழாய்களும் அறுபட்டிருக்கும். அதனால் வீங்கும். சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். எலாஸ்டிக் கட்டை நீங்களாகச் சுற்ற வேண்டாம், புதுக் குழாய் நசுங்கலாம். மரத்துப்போனது, சிரையோடு ஒட்டி ஓடும் தோல் நரம்பு இழுபட்டதால். மெல்லக் குறையும், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் புதிதாக வீங்கி, அமுக்கினால் வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும்.

இடுப்புக் கவட்டையில் உள்ள தையலைத்தான் நீங்கள் தினமும் பார்க்க வேண்டும். வியர்வையும் மடிப்பும் சேருகிற இடம். தெளிந்த நீர் கசிந்தால் மறுநாள் காட்டலாம். சீழ், காய்ச்சல், சிவப்பு என்றால் அன்றே போங்கள். செயற்கைக் குழாய் வைத்தவர்களுக்கு இது இன்னும் அவசரம். கிருமி அந்தக் குழாயைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் குழாயையே எடுக்க வேண்டி வரும். தையலிலிருந்து திடீரென ரத்தம் பீறிட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்காதீர்கள். கையால் அழுத்திப் பிடியுங்கள், பிடித்த கையை எடுக்காமலே 108-க்கு அழையுங்கள்.

குழாய் அடைபட்டுவிட்டதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து மேலே, பாதத்தின் மேட்டில் இரண்டு விரலை லேசாக வையுங்கள். அமுக்கக் கூடாது. துடிப்பு தெரிந்தால் அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் தொட்டுப் பாருங்கள். சிலருக்குப் பிறவியிலேயே அங்கே தெரியாது; அவர்களுக்குக் கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால் தேடினால் தெரியும். நேற்று இருந்த துடிப்பு இன்று இல்லை, பாதமும் சில்லிட்டிருக்கிறது என்றால் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள். முதல் மாதத்தில் அடைபட்டால் பெரும்பாலும் எங்கள் தையலிலோ சிரையிலோ உள்ள குறை, உடனே திறந்து சரிசெய்ய முடியும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் வரை, ஒட்டுப்போட்ட இடத்தில் உள்தோல் தடித்துக் குறுகும். அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் மாதக் கணக்கு வைத்து ஸ்கேனுக்குக் கூப்பிடுகிறோம். ‘நன்றாகத்தானே நடக்கிறார்’ என்று தவறவிடாதீர்கள்.

என் தம்பிக்கு 34 வயது. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. இரண்டு விரல் கருத்துவிட்டது. பைபாஸ் முடியாது என்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

லியோ பர்கர் என்ற மருத்துவர் 1908-ல் விவரித்த நோயாகவே தெரிகிறது. பாதத்திலும் கையிலும் உள்ள சின்னக் குழாய்கள் வீங்கி அடைபடும். பாலம் போட மறுகரை வேண்டாமா? கீழே நல்ல குழாயே இல்லாதபோது எதில் கொண்டுபோய்த் தைப்பது? இந்த நோயில் என்னைவிடத் தம்பிதான் பெரிய மருத்துவர். பீடியை அடியோடு விட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் காலோடு நடமாடுகிறார்கள். ‘குறைத்துவிட்டேன்’ என்பது செல்லாது. ஒன்றிரண்டு போதும் நோய் நகர. புகையிலை, ஹான்ஸ், மூக்குப்பொடி எதுவும் கூடாது. அவரைத் திட்டி நிறுத்த முடியாது. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், விடுவதற்கு மாத்திரை இருக்கிறது. கருத்த விரலை வீட்டில் யாரும் வெட்டவோ வெந்நீரில் ஊறவைக்கவோ வேண்டாம்.

பல் பிடுங்குவதற்காக ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்தலாமா? ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்.
– வாசகர், சேலம்

நீங்களாக நிறுத்தவே கூடாது. ஒரு பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை, பஞ்சைக் கடித்தால் ரத்தம் நின்றுவிடும். பல் மருத்துவரை உங்கள் ரத்தக்குழாய் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

திடீரென்று காலில் அடைப்பு வந்தால் ஆறு மணி நேரம்தான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, காரைக்குடி

தோராயமாக உண்மை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு உள்ளே உறைந்த கட்டி ஒன்று கிளம்பிக் காலில் போய் அடைக்கும். கால் வெளுக்கும், சில்லிடும், மரக்கும், விரலை அசைக்க முடியாது. தைலம் தேய்த்து நேரத்தைப் போக்கக் கூடாது. 1963-ல் தாமஸ் ஃபோகார்ட்டி வெளியிட்ட பலூன் குழாயால் கட்டியை இழுத்து எடுத்துவிடலாம். எடுத்ததோடு வேலை முடிவதில்லை. அதை நான் கற்றது என் தவறில்.

பயிற்சிக் காலத்தில், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவருக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டியை எடுத்தோம். பாதம் சூடானது, துடிப்பு திரும்பியது. ஐந்து மணிக்கு ‘கெண்டைக்கால் வெடிக்கிற மாதிரி இருக்கு’ என்றார். துடிப்பைத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது. வலி ஊசி போடச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். எட்டு மணிக்குப் பார்த்தபோது கால் கட்டைபோல இறுகியிருந்தது, விரலை மேலே தூக்க முடியவில்லை. ரத்தம் திரும்பிய தசை உறைக்குள்ளேயே வீங்கித் தன்னைத் தானே நெரித்துக்கொண்டிருந்தது. இருபக்கமும் நீளக் கீறித் திறந்தோம். முன்பக்கத் தசை சாம்பல் நிறத்தில் இருந்தது, தொட்டால் அசையவில்லை. கால் தப்பியது. பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்துதான் வீட்டுக்குப் போனார். ஐந்து மணிக்கே திறந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது. துடிப்பு இருந்தும் இது வரும். அடைப்பு எடுத்தபின் மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை அசைத்தால் உயிர் போகும் வலி, கோலா நிறத்தில் சிறுநீர் என்று நோயாளி சொன்னால், டாக்டரை எழுப்பிக் கூட்டிவந்து பார்க்க வையுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அம்மாவின் இடது காலில் பைபாஸ் செய்து, அது அடைபட்டு, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவள் நான். ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டிருக்கக் கூடாதோ என்று தூங்க முடியவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் குறிப்பை முழுவதும் படித்தேன். ஆபரேஷனுக்கு முன்பே குதிகாலில் எலும்பு தெரியும் புண், ராத்திரி வலி. அந்தக் காலுக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் இருந்திருந்தாலும் அதே தாளில் கையெழுத்துக் கேட்டிருப்பேன். பைபாஸ் ஏழு மாதம் ஓடியிருக்கிறது. அந்த ஏழு மாதமும் அம்மா கோயிலுக்கு நடந்து போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் தப்பியிருக்கிறது, செயற்கைக் கால் வைத்து நடக்க அது பெரிய துணை. காயம் ஆறியதும் அளவெடுக்கக் கூட்டிப் போங்கள், தள்ளிப்போட்டால் மூட்டு மடங்கி இறுகிவிடும்.

இனி வலது கால்தான் முக்கியம். அதுவும் அதே நோய் உள்ள கால். இன்று ராத்திரி அம்மா படுத்ததும் சாக்ஸைக் கழற்றி, பாதத்தின் மேட்டில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.