கண்ணசந்த நேரத்தில்: விபத்துக் காயங்கள் பற்றிய கேள்வி பதில்

அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பதால் வீட்டு விபத்து, பட்டறை விபத்து இரண்டும் எனக்குப் பழக்கம். வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இதோ.

டாக்டர், பையனுக்கு ஒன்றரை வயது. ஒரு நிமிடம்கூட அவனை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. என்னதான் செய்வது?

எடுக்காமல் இருக்க யாராலும் முடியாது. போன் வரும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவன் கைக்கு என்னென்ன எட்டும் என்று பாருங்கள். நீங்களே ஒருமுறை தவழ்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள் (கதவைச் சாத்திவிட்டு!). தொங்கும் மேஜை விரிப்பு, இஸ்திரிப் பெட்டி ஒயர், அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாணலிக் கைப்பிடி எல்லாம் கண்ணில் படும்.

குளியலறை வாளிதான் எனக்குப் பெரிய கவலை. இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் நிமிர முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தமும் வராது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

வெந்நீர் கொட்டிவிட்டால் பேஸ்ட் தடவலாமா?

பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. பலரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தால் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள்.

ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரியைக் காணோம். பாப்பா விழுங்கியிருப்பாளோ? வெளியே வந்துவிடுமா?

காத்திருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் பட்டு மின்சாரம் பாய்ந்து, அங்கே உண்டாகும், சதையை அரிக்கும் காரப்பொருள் (ஆல்கலி) 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் நாணயம் மாதிரி தெரியும், அதனால் உள்ளே நுழைந்ததுமே 'பேட்டரி' என்று சொல்லிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

டிரில்லிங் மெஷினில் நிற்கும் தம்பிக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். போட மாட்டேன் என்கிறார்.

அவர் செய்வதுதான் சரி! சுற்றும் மெஷினில் கையுறை நூல் மாட்டினால் விரலையும் சேர்த்தே இழுத்துவிடும். தொளதொளச் சட்டைக்கை, கழுத்துத் துண்டு, கட்டாத முடிக்கும் இதே கதி. அவருக்கு வேண்டியது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, சுற்றும் பாகத்துக்கு மூடி, துளையிடும்போது விழும் சீவலைத் தள்ள ஒரு பிரஷ்.

மெஷினில் ஏதாவது சிக்கினால் என்ன செய்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒருவர் உள்ளே கை விட்டிருப்பார், இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடுவார். 'போடாதே' என்று கத்தினால் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மெயினை அணைத்துப் பூட்டுங்கள், கை வைக்கிறவர் பாக்கெட்டிலேயே சாவி இருக்கட்டும். 'கவனமாக வேலை செய்' போர்டெல்லாம் என்னைப் பொறுத்தவரை சுவருக்கு அலங்காரம்தான்.

கழிவுத் தொட்டிக்குள் ஒருவர் மயங்கிவிட்டால், மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கலாமா?

கூடவே கூடாது. துணி விஷவாயுவை வடிகட்டாது, ஆக்சிஜனும் தராது. இப்படி இறங்கியவரும் அடுத்து விழுவதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், வெளியிலிருந்து காற்றைச் செலுத்துங்கள்.

தொட்டிக்குள் இருக்கும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்பது அப்போதுதான். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பதும் வேண்டாம், மீத்தேன் இருந்தால் வெடிக்கும். காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன் உண்டு, மீட்டரில் 19.5க்குக் கீழே காட்டினால் சும்மா இறங்கக் கூடாது. ஆளே இறங்காமல் குழாய் விட்டு இயந்திரத்தால் உறிஞ்சிவிடுங்கள்.

ஏணியை எவ்வளவு சாய்க்கலாம்?

4 அடி உயரத்துக்கு 1 அடி. ஏணி 12 அடி உயரத்தில் சுவரைத் தொட்டால், அடிக்கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும்.