42 ஆயிரம் என்று சொன்னார்கள். 73 ஆயிரம் எடுத்து வையுங்கள்

கேள்வி: அவிநாசிப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், கணவர் கட்டிங் மாஸ்டர். இரண்டு பேருக்கும் சேர்த்து வாரம் 9 ஆயிரம் ரூபாய் சம்பளம். மகள் உள்ளூர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். வரும் ஜூனில் 9 கிலோமீட்டர் தள்ளியுள்ள மெட்ரிக் பள்ளியில் ஆறாவது சேர்க்க ஆசை. ஃபீஸ் 42 ஆயிரமாம். மாதத் தவணையில் கட்ட ஃபைனான்ஸ் ஏற்பாடும் பள்ளியிலேயே உண்டு என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், 15 ஆயிரம் கொடுத்தால் ஆர்டிஇ-யில் சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். 42 ஆயிரம் தயார் செய்தால் போதுமா?

பதில்: போதாதுங்க. ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தெரிந்தவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆர்டிஇ எனும் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் இலவசமாகத் தரும் 25 சதவீத இடம் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். அதாவது எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பு. ஆறாவதில் புதிதாக ஆர்டிஇ சீட் என்று ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத சீட்டுக்குத்தான் அவர் 15 ஆயிரம் கேட்கிறார். பள்ளியே நேரடியாக நன்கொடை கேட்டாலும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தைக்கு நுழைவுத் தேர்வு வைத்தால் முதல் முறை 25 ஆயிரம் வரை, மறுபடி வைத்தால் ஒவ்வொரு முறையும் 50 ஆயிரம் வரை. 2009-ல் வந்த சட்டம் இது. இன்னமும் ஏப்ரல், மே வந்தால் இந்த ஆட்கள் பள்ளி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

இனி கணக்கு. 42 ஆயிரம் என்பது கல்விக் கட்டணம் மட்டும். அந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்பதை, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான தனியார் பள்ளிகள் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்திருக்கும். உத்தரவு மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். பள்ளியில் கேட்டால் "ஆபீஸ் ரூமில் இருக்கு, அப்புறம் வாங்க" என்பார்கள். அலைய வேண்டாம், குழுவின் இணையதளத்தில் மாவட்டத்தையும் பள்ளிப் பெயரையும் போட்டுப் பாருங்கள். அங்கே 31 ஆயிரம் என்றிருந்து உங்களிடம் 42 கேட்டால், மீதி 11 ஆயிரம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பள்ளிப் பெயர் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருவது ரசீது ஆகாது.

இதற்கு மேல் வருபவை: பள்ளி வேன் 14 ஆயிரம், புத்தகம் நோட்டு 6,500, சீருடை 5 ஆயிரம், கறுப்பு ஷூவும் வெள்ளை கேன்வாஸும் 1,400, பை டிபன் பாக்ஸ் 1,500, ஆண்டு விழா, சுற்றுலா என்று நடுவில் வருவது 2,500. மொத்தம் 72,900. இது உங்கள் தூரத்துக்கும் இந்தப் பக்கத்து நிலவரத்துக்கும் நான் போட்ட உத்தேசக் கணக்கு. முன்பணம் கட்டுவதற்கு முன் இதே வரிசையில் ஒரு தாளில் எழுதி, பள்ளி ஆபீசில் ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை போட்டு வாங்குங்கள்.

புத்தகக் கட்டில் அரசுப் பாடநூல் சிறு பங்குதான். காசு போவது கம்ப்யூட்டர், பொது அறிவு என்று சேர்க்கும் தனியார் புத்தகங்களிலும், பள்ளிப் பெயர் போட்ட நோட்டுகளிலும். "எது கட்டாயம்?" என்று கேட்டாலே பட்டியல் கொஞ்சம் இளைக்கும். ஐஐடி, நீட் ஃபவுண்டேஷன் என்று ஆறாவதிலேயே 12 ஆயிரம் கேட்பார்கள். பதினோரு வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம்.

சீருடை விஷயத்தில் டெய்லரான உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. பள்ளிக் கடையிலேயே தைத்த செட் வாங்கச் சொன்னால், துணியாகத் தர முடியுமா என்று கேளுங்கள். மாதிரித் துண்டு கிடைத்தால் ஈரோடு கனி மார்க்கெட்டில் நிறம் சேர்த்து எடுத்துவிடலாம். வெட்டுவதற்கு முன் ஒரு தரம் நனைத்துக் காயப் போடுங்கள். கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம், பக்கத் தையலில் அரை அங்குலம் விடுங்கள். இந்த வயதில் பெண் குழந்தை ஒரே வருடத்தில் மளமளவென்று வளரும். ஜூனில் மூன்று செட் தைத்தால் ஜனவரியில் மூன்றும் சேர்ந்தே குட்டையாகும். இரண்டு தைத்துவிட்டு மூன்றாவதை அக்டோபரில் தையுங்கள்.

வேன் 14 ஆயிரத்தை ஒருமுறை யோசியுங்கள். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை; உங்கள் மகளுக்கும்தான், எந்தப் பள்ளியில் படித்தாலும். காலை எட்டு மணி வாக்கில் உங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ் சரியாக வருகிறதா, கூட வர நாலு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஃபைனான்ஸ் தவணைக்கு வருகிறேன். "வட்டி இல்லை" என்பார்கள். பிராசசிங் கட்டணம் 2 சதவீதம் என்றால் 42 ஆயிரத்துக்கு 840 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 991. அதைக்கூட விடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவது பள்ளியோடு அல்ல, கடன் கம்பெனியோடு. பள்ளிக்கு மொத்தப் பணமும் முதலிலேயே போய்விடும். செப்டம்பரில் குழந்தையை மாற்றினாலும் தவணை நிற்காது. பள்ளியிடம் பணத்தைத் திரும்ப வாங்குவது உங்கள் பாடு. இன்னொன்று, உங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை. தவணை மாதம் 5ஆம் தேதி தானாக வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அது வியாழனோ வெள்ளியோ ஆனால் கணக்கில் என்ன இருக்கும்? பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி ஒரு அபராதம், கம்பெனி ஒரு அபராதம், கூடவே நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். வாரக் கூலி வாங்குபவருக்கு மாதத் தவணை பொருந்தாத செருப்பு.

கட்டணத்தை மூன்று பருவமாகக் கட்டுகிறோம் என்று எழுதிக் கேளுங்கள். வேனையும் மூன்றாகப் பிரித்தால், புத்தகம், சீருடை, ஷூ, பையோடு சேர்த்து ஜூனில் தேவை சுமார் 33 ஆயிரம், அக்டோபர் தொடக்கத்தில் 18,700, ஜனவரியில் 18,700. டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால் மே முடிய 26 சனிக்கிழமை. வாரம் 1,300 வீதம் 33,800 சேரும். பிறகும் அதே 1,300 நிற்காமல் போனால் அடுத்த இரண்டு பருவமும் தாங்கும்; தீபாவளி போனஸைத் தொட வேண்டியதில்லை. ஒன்பதாயிரத்தில் ஏழில் ஒரு பங்கு இது. கஷ்டம்தான், முடியாததல்ல.

பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் தனியாகப் போடுங்கள். குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய். அஞ்சலக ஆர்.டி. வேண்டாம், அது ஐந்து வருடத் திட்டம். பதிவு பெறாத ஏலச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் அறவே வேண்டாம். மே மாதம் நீங்கள் கேட்கும்போது சீட்டுப் பிடித்தவர் ஊரில் இருக்க வேண்டுமே! மகளுக்குப் பதினொன்று ஆகிறது, தெரட்டிச் சீரும் (மஞ்சள் நீராட்டு) தூரத்தில் இல்லை. அந்தச் செலவு இந்தக் கணக்கில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரிக் பள்ளி என்று முடிவாகும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய், புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும். அதே ஏழு வருடம் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஏழு வருடம் என்றால் முழுசாக ஏழு. ஆறாவதை மட்டும் தனியாரில் படித்துவிட்டு ஏழாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தால் இரண்டும் போச்சு. அரசு உதவி பெறும் பள்ளி என்றால்? அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தமிழ் வழியில் படித்திருந்தால் மாதம் 1,000 உண்டு; ஆங்கில வழி என்றால் அதுவும் இல்லை; 7.5 சதவீதம் எந்த வழியில் படித்தாலும் இல்லை. அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழியில் படித்தால் இரண்டும் உண்டு. பெயர்ப் பலகையில் "அரசு" என்று இருப்பதை மட்டும் நம்பாமல், "அரசு உதவி பெறும்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தப் பள்ளியானாலும் சரி, டிசி வாங்கும் நாளிலேயே பள்ளிக் கல்வித் துறைக் கணினியில் மகளுக்கு உள்ள எமிஸ் எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் புதிய பள்ளியால் கணினியில் அவளைச் சேர்க்க முடியாது. கோடை விடுமுறைக்குப் பள்ளி பூட்டிய பிறகு தலைமை ஆசிரியரைத் தேடி அலைவதைவிட, ஏப்ரலிலேயே உட்கார்ந்து அதை முடித்துவிட்டு வாருங்கள்.