பழைய புல்லட் 500 இன்ஜினை 535 சிசி ஆக்கக் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

இதைக் கேட்ட நீங்கள் கிருஷ்ணகிரி, நான் தர்மபுரி. இதே வேலையைச் செய்த வண்டியில் சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து நின்றவன் நான். ‘எத்தனை குதிரைத்திறன் வரும்?’ என்பதோடு என் கேள்விகளை முடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பிஸ்டனைப் பற்றிக் கேளுங்கள். 84 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரை 87 ஆக்கினால், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 535 சிசி வந்துவிடும். கணக்கில் சிக்கலே இல்லை. போடப்போவது உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பு பிஸ்டனா, அழுத்தி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டனா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் பொதுவாகச் சூட்டில் கூடுதலாக விரியும். சிலிண்டருக்கும் அதற்கும் இடைவெளி கூடுதலாக வேண்டும். என் வண்டியில் ஃபோர்ஜ்டு போட்டுவிட்டு, வார்ப்பு பிஸ்டனுக்கான இடைவெளியையே விட்டிருந்தார்கள். மேடு ஏறும் சூட்டில் அது இறுகிவிட்டது.

பிஸ்டன் நிறுவனம் சொல்லும் இடைவெளி எவ்வளவு, நீங்கள் விடுவது எவ்வளவு என்று கேளுங்கள். பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போரிங் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது) செய்ய வேண்டும். சிலிண்டரை மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் வண்டியை விடாதீர்கள். ஒசூர் பக்கம் மைக்ரான் கணக்கில் வேலை பார்த்துப் பழகிய கைகள் உண்டு. அளவு கேட்டால் அவர்கள் முகம் சுளிப்பதில்லை.

அடுத்து கிராங்க், அதாவது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. பழைய புல்லட்டில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருப்பது மிதக்கும் புஷ், ஆயில் படலத்தில் சுழலும் உலோக வளையம். கூடும் சுமைக்கு அதையே வைப்பாரா, ரோலர் பேரிங் போடுவாரா, ஆயில் பம்பை என்ன செய்வார்? இதற்குத் தெளிவான பதில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கம்பிரஷனை (பெட்ரோல் கலவையை நெருக்கும் அளவை) ஏற்றுவதாகச் சொன்னால், பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) இல்லாமல் மேடு ஏறுமா என்று கேட்டுவிடுங்கள். பதிவுச் சான்றில் உள்ள சிசி மாறுவதால், வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

எனக்கு இரண்டாம் முறை இன்ஜின் கட்டியவர், நான் வாய் திறக்கும் முன்பே, “எந்த ரோட்டில் அதிகம் போவீங்க, பின்னால் ஆள் உட்காருவாங்களா?” என்று கேட்டார். அவர் எழுதித் தந்த அளவுத் தாள் ஆர்சி புத்தகத்துக்குள் இருக்கிறது. வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன்.