ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சை எனக்குக் கஷ்டமாக இருந்தது. வெளியே வந்தால் எல்லோரும் ‘ஈஸி’ என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை, உங்களுக்கு மட்டும் இல்லை. கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். நேரமில்லை என்றால் இதோடு மூடிவிட்டு அடுத்த பரீட்சைக்குப் படிக்கப் போங்கள்.

நீங்கள் தம்பியா தங்கையா என்று தெரியவில்லை. கேள்விக்குக் கீழே, “ஒரு கணக்குக்கு என் கூட இருந்த நாலு பேரும் ஒரே விடை சொல்கிறார்கள், எனக்கு மட்டும் வேறு வந்திருக்கிறது, அதிலிருந்து எதுவும் படிக்க முடியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படிக்காமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்குக் கடந்து போயிருப்பேன். அப்படி நின்ற நாலு பேரில் ஒருத்தியாக நான் இருந்திருக்கிறேன். அதுவும் இருப்பதிலேயே சத்தமாகப் பேசியவள் நான்தான்.

நான் இருநூறு மார்க் காலத்து ஆள். அப்போது ப்ளஸ் டூ கணக்குக்கு 200. ஒன் மார்க் 40, அதில் பெரும்பாலும் புக் பேக், அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகள், மீதி ‘கம் புக்’ என்று தனியாக விற்ற கேள்வித் தொகுப்பிலிருந்து. அப்புறம் ஆறு மார்க் கணக்கு பத்து, பத்து மார்க் கணக்கு பத்து. ஆறு மார்க்கிலும் பத்து மார்க்கிலும் பதினைந்து கேள்வி கொடுத்துப் பத்து எழுதச் சொல்வார்கள், இரண்டிலும் கடைசிக் கேள்வி கட்டாயம். இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

எங்கள் பள்ளியில் பரீட்சை முடிந்ததும் எல்லோரும் கூடும் இடம் சைக்கிள் ஸ்டாண்டு. வந்த வேகத்தில் ஒருத்தி அழுதாள். ஒரே ஒரு ஒன் மார்க் தப்பாம், சென்டம் போச்சாம். இன்னொருத்தியிடம் எப்படி எழுதினாய் என்றால் “ஏதோ எழுதியிருக்கேன்” என்பாள். மூன்று வருடமாக எல்லாப் பரீட்சைக்கும் அதே பதில், எல்லாப் பரீட்சையிலும் தொண்ணூறுக்கு மேல். மூன்றாவது ஒருத்தி “செம ஈஸிடி” என்று கூவிக்கொண்டே வந்தாள். அவள் அப்பா நாலடி தள்ளி வண்டியோடு நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் அதற்குக் காரணம் என்று பிறகு அவளே சொன்னாள். கேள்வித்தாள் நிஜமாகவே கடினமாக இருந்த நாள் அது. அப்படியும் எங்கள் கூட்டத்தில் “கஷ்டம்” என்ற சொல்லை முதல் பத்து நிமிஷம் ஒருத்தியும் வாயில் வரவிடவில்லை. யார் முதலில் சொல்வது என்று எல்லோரும் அடுத்தவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உங்கள் கூட்டத்திலும் இதுதான் நடந்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஆறு மார்க் கேள்வி. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் நாலு என்ற வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் நடுவே, எக்ஸ் 0 முதல் 3 வரை உள்ள பரப்பு என்ன? தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. 0 முதல் 2 வரை வளைவரை அச்சுக்குக் கீழே போகிறது, 2 முதல் 3 வரை மேலே வருகிறது. அதனால் இரண்டாகப் பிரித்துத் தொகையிட (இன்டக்ரேட் செய்ய) வேண்டும். கீழே உள்ள துண்டு 16/3, மேலே உள்ளது 7/3, மொத்தம் 23/3. பிரிக்காமல் ஒரே மூச்சில் 0 முதல் 3 வரை போட்டால் கீழே உள்ளது மைனஸாக வந்து மேலே உள்ளதைத் தின்றுவிடும், விடை மைனஸ் 3.

எனக்கு மைனஸ் 3 வந்தது. பரப்பு எப்படி மைனஸில் வரும் என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மைனஸை அடித்துவிட்டு “3 சதுர அலகுகள்” என்று எழுதிக் கட்டம் போட்டேன். முழு எண், பார்க்க அழகாக இருந்தது. முழு எண்ணில் முடிந்தால் விடை சரி என்று அந்த வயதில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு.

ஸ்டாண்டில் என் தோழி மெதுவாகக் கேட்டாள்.

“அந்தப் பரப்பு கணக்குக்கு என்ன வந்துச்சு?”

“மூணு.”

“எனக்கு இருபத்து மூணு பை மூணு.”

நான் சிரித்தேன். “இருபத்து மூணு பை மூணுன்னு விடை வர்ற மாதிரி எவனாவது கணக்கு கொடுப்பானாடி? லிமிட்தான் ஜீரோ டு த்ரீன்னு கொடுத்திருக்கானே, நேராப் போட வேண்டியதுதானே!”

“இல்ல, கீழ போகுதுல்ல...” என்று இழுத்தாள்.

“ஓவரா யோசிச்சிருக்க” என்றேன்.

நான் வகுப்பில் முதல் மார்க். அவள் நாலாவது, ஐந்தாவது இடத்தில் இருப்பவள். கூட நின்ற மூன்று பேரும் “எனக்கும் மூணுதான்” என்றார்கள். அதில் ஒருத்தி அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை, சாய்ஸில் விட்டுவிட்டாள் என்று ரிசல்ட் வந்த பிறகு தெரிந்தது. இதற்காகத்தான் பதினைந்துக்குப் பத்து என்று முன்னாலேயே சொன்னேன். எழுதாத கணக்குக்கும் ஸ்டாண்டில் விடை சொல்வார்கள். இப்போது உங்களுக்கு எழுத்துத் தேர்வு 90. இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் பத்துக்கு ஏழுதான், ஐந்து மார்க்கில் ‘அல்லது’ இருக்கிறது. உங்கள் நாலு பேரும் நீங்கள் எழுதிய அதே கேள்வியைத்தான் எழுதினார்களா என்று கேட்டீர்களா?

அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை. அவள் சொன்னது தப்பு என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்வதற்காக ரஃப் நோட்டில் படம் வரைந்து பார்த்தேன். படம் வரைந்த அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, அவள்தான் சரி.

அவள் வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். ஃபோன் கூடத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

ஏன் என்று இத்தனை வருடத்தில் பலமுறை யோசித்துவிட்டேன். மணி பத்தரை, இந்த நேரத்தில் அடுத்தவர் வீட்டுக்கு ஃபோன் செய்யக்கூடாது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் மணி எட்டு, அப்போதும் செய்யவில்லை. முடிந்த பரீட்சையைப் பேசி என்ன ஆகப் போகிறது என்று பெரிய மனுஷி மாதிரி ஒரு காரணம் கண்டுபிடித்தேன். உண்மை என்னவென்றால், அவளுக்கு ஃபோன் செய்தால் எனக்கு சென்டம் இல்லை என்பதை நானே என் வாயால் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் கமெண்டில் சிலர் வருவார்கள், தெரியும். “ஒரு ஆறு மார்க்குக்கு இவ்வளவு பேச்சா?” அந்தக் காலத்தில் இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்கு, அதாவது கல்லூரி இடத்துக்கான தரவரிசை மார்க்குக்கு, கணக்கு மார்க்கை இரண்டால் வகுப்பார்கள், இயற்பியலையும் வேதியியலையும் நாலால் வகுப்பார்கள். கணக்கில் ஆறு போனால் கட்-ஆஃபில் மூன்று. 2007-லிருந்து நுழைவுத்தேர்வும் கிடையாது, ப்ளஸ் டூ மார்க் ஒன்றுதான் எல்லாம். அரை மார்க்குக்குக் கல்லூரியே மாறும். இன்னும் சிலர், “அவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்” என்று எனக்கு ஆதரவாகவே எழுதுவார்கள். வேண்டாம். பதினேழு வயதுப் பெண்ணிடம் வகுப்பில் முதல் மார்க் எடுக்கும் ஒருத்தி சிரித்துக்கொண்டே தப்பு என்று சொன்னால், பக்கத்தில் மூன்று பேர் தலையாட்டினால், தன்னம்பிக்கை என்ன செய்யும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாதது. வகுப்பில் முதல் மார்க் எடுப்பவளுக்கு இந்தச் சின்னக் கணக்கில் எப்படிச் சறுக்கியது? எங்களுக்கு ப்ளஸ் ஒன் பாடமே நடத்தவில்லை. காலாண்டு வரை பெயருக்கு ஒப்பேற்றிவிட்டு, ப்ளஸ் ஒன் பாதியிலேயே ப்ளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம் அதே பத்துப் பாடம், ரிவிஷன், டெஸ்ட், ரிவிஷன், டெஸ்ட். நுண்கணிதம் ஆரம்பிப்பதே ப்ளஸ் ஒன்னில்தான். வளைவரை என்றால் என்ன, தொகையிடல் எதைக் கூட்டுகிறது என்று யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. “இந்த மாடல் வந்தால் இந்த ஸ்டெப்” என்று மனப்பாடம் செய்தோம். மாடல் கொஞ்சம் திரும்பிப் படுத்தாலும் எங்களுக்கு அடையாளம் தெரியாது. எங்கள் பள்ளி மட்டும் இல்லை, அப்போது ரிசல்ட்டுக்குப் பெயர் வாங்கிய பல தனியார் பள்ளிகளில் இதுதான் வழக்கம். 2017-18-இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது பிள்ளைகளுக்குச் சுமை என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்த வகுப்பு முதல் மாணவி நான். எங்களிடமிருந்து ஒரு வருஷப் பாடத்தைத் திருடியதற்கு யாரும் இதுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக வருடா வருடம் பழைய மாணவர் சந்திப்புக்கு நன்கொடை கேட்டு மெசேஜ் வருகிறது. சரி, அதை விடுங்கள்.

நடுவில் இரண்டு நாள் விட்டு வேதியியல். அந்த இரண்டு நாளும் என் தோழி கணக்குப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தாள் என்று அவள் அம்மா பிறகு என் அம்மாவிடம் சொன்னார். தன் விடை எங்கே தப்பு என்று தேடினாளாம். தப்பே இல்லாத இடத்தில் தப்பைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ரிசல்ட் வந்தது. கணக்கில் அவள் 197, நான் 193. அந்தக் கணக்கில் ஆறும் போகவில்லை எனக்கு, விடை தப்பானாலும் ஸ்டெப் மார்க் இரண்டு கிடைத்திருந்தது. வேதியியலில் அவள் 168. அரையாண்டில் 190 எடுத்தவள். இருபத்திரண்டை நாலால் வகுத்தால் ஐந்தரை. கணக்கில் மூன்று கட்-ஆஃப் போய்விட்டது என்று நினைத்து, அது போகாமலே இருக்க, வேதியியலில் ஐந்தரை போயிற்று. கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. பரிதாபப்பட வேண்டாம், இப்போது என்னைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கிறாள். அதனால் எல்லாம் நன்மைக்கே என்று யாராவது எழுதினால் பிளாக் செய்துவிடுவேன்.

இப்போது உங்கள் கணக்கு வேறு. கணக்குப் பாடத்தில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் முழுசாக ஒன்று போகும். வேதியியலில் இரண்டு போனால் ஒன்று. பயமாகத்தான் இருக்கும், நியாயம்தான். ஆனால் கேள்வித்தாள் கடினமாக இருந்தால் எல்லோருக்கும்தான் குறையும், தரவரிசை என்பது மற்றவர்களோடு ஒப்பிட்டு வருவது. 2015-இல் ப்ளஸ் டூ கணக்கில் 200-க்கு 200 வாங்கியவர்கள் 9,700 பேருக்கு மேல். அடுத்த வருடம் அது 3,400-க்கும் கீழே வந்துவிட்டது. அந்த இரண்டாவது வருடமும் கேட்டுக்கு வெளியே “ஈஸி” என்று கூவியவர்கள் கண்டிப்பாக இருந்திருப்பார்கள். ரிசல்ட்டுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் மே மாதத்துக் கவலை.

அந்த நாலு பேரில் ஒருத்தர் விஷயம் தெரிந்தும் உங்களுக்கு ஃபோன் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம். இருக்காது என்று என்னால் சொல்ல முடியாது.

நாலு வருடம் முன்னால் ஒரு கல்யாணத்தில் அவளைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரஃப் நோட்டு, ஃபோன், பத்தரை மணி, எல்லாம். அவளுக்கு அந்தக் கணக்கே ஞாபகம் இல்லை. எந்தப் பாடம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

“அதெல்லாம் யாருக்குடி ஞாபகம் இருக்கு? நீ சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு” என்றாள். அப்புறம் குழந்தை அழுகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

பி.கு.: விடை 23/3 தானா என்று கமெண்டில் கேட்காதீர்கள். அதுதான். இதை எழுதும் முன்னால் இன்னொரு முறை படம் வரைந்து பார்த்துவிட்டேன்.