கொழுப்பைக் கண்டால் கை பின்வாங்குகிறதா? கீட்டோ கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. 7 வருடமாகக் கீட்டோவில், அதாவது மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மிகவும் குறைத்துக் கொழுப்பிலிருந்து சக்தி எடுக்கும் உணவு முறையில் இருக்கிறேன், நிறையப் படித்திருக்கிறேன், பலருக்குத் தொடங்க உதவியிருக்கிறேன். அதற்கு முன்பு, எண்ணெய் இல்லாத சமையல்தான் சமையல் என்று நம்பிய ஆள் நான். பொரித்த முட்டையை டிஷ்யூ பேப்பரில் வைத்து, இருபுறமும் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். அதனால் உங்கள் பயம் எனக்குப் புதிதில்லை. வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு வேஷத்தில். அவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, கீட்டோ தொடங்கி 20 நாள் ஆகிறது. தானியம், சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஆனால் பழக்கதோஷம், எண்ணெயும் ஒரு ஸ்பூனுக்கு மேல் விடுவதில்லை. கோழியில் தோலை உரித்துவிடுகிறேன். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். சாயங்காலம் ஆனால் கை கால் ஓய்ந்துவிடுகிறது. இரவு 11 மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். கீட்டோ எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: ஒத்துக்கொள்ளாதது கீட்டோ இல்லை, பட்டினி. நீங்கள் இருப்பது அதில்தான்.

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடல் ஒரு நாளைக்கு 1600 கலோரி செலவழிக்கிறது என்று வைப்போம். கார்ப் (மாவுச்சத்து, சர்க்கரை) 25 கிராம், அதில் 100 கலோரி. புரதம் 90 கிராம், அதில் 360. ஆக 460. மீதி 1140 கலோரி எங்கிருந்து வரும்? கொழுப்பிலிருந்துதான் வர வேண்டும், வேறு வழியே இல்லை. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, அப்படியானால் கிட்டத்தட்ட 127 கிராம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 40 கிராம்கூடத் தேறாது போலிருக்கிறது. 40 என்றே வைத்தாலும் மொத்தம் 820 கலோரி. செலவில் பாதி. ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்காமல் என்ன செய்வீர்கள்?

அதற்காக 127 கிராமையும் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. எடை குறைய வேண்டும் என்றால் ஒரு பகுதி உங்கள் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பிலிருந்து வரட்டும். நாளுக்கு 450 கலோரி அப்படி வந்தால், தட்டில் 75 கிராம் கொழுப்பு போதும். முழு முட்டை 3 சாப்பிட்டால் 15 கிராம். ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, 28 கிராம். வெண்ணெய் 10 கிராம் என்றால் அதில் 8. மீதியை மீனும் தோலோடு கூடிய கோழியும் கொஞ்சம் வால்நட்டும் பார்த்துக்கொள்ளும். எழுதிப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும்.

கார்ப்பையும் கொழுப்பையும் சேர்த்து வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. வில்ஜால்மர் ஸ்டெஃபான்சன் என்ற ஆர்க்டிக் பயணி 1928ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக் கண்காணிப்பில் ஒரு வருடம் இறைச்சி மட்டும் சாப்பிடும் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். ஆரம்பத்தில் அவருக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியாகவே கொடுத்தார்கள். சில நாளிலேயே குமட்டல், வயிற்றுப்போக்கு. கொழுப்பைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. பனிப்பிரதேச வேட்டைக்காரர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். கொழுப்பே இல்லாத முயல் கறியை மட்டும் தின்று துவண்டுபோவதை 'முயல் பட்டினி' என்றே சொல்வார்கள். நீங்கள் வெள்ளைக்கருவைத் தின்று முயல் பட்டினி கிடக்கிறீர்கள்.

கேள்வி: சாப்பிடும் கொழுப்பு நேரே உடம்பில் கொழுப்பாகத்தானே ஒட்டும்?

பதில்: தேவைக்கு மேல் போனால் ஒட்டும். கீட்டோவில் எவ்வளவு கொழுப்பு சாப்பிட்டாலும் எடை ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கார்ப் குறைந்தால் இன்சுலின் தாழ்வாக இருக்கும், சேமித்த கொழுப்பை எடுத்து எரிப்பது சுலபமாகும், பசியும் பெரும்பாலானவர்களுக்கு அடங்கும். அவ்வளவுதான் லாபம். வரவு செலவுக் கணக்கு அப்படியே இருக்கிறது.

எனவே நான் சொல்வது இது: கார்ப்புக்கு ஒரு எல்லை, அதைத் தாண்டக் கூடாது. புரதத்துக்கு ஒரு அளவு, அதை எட்டியாக வேண்டும். கொழுப்பு பசி தீரும் வரை, பசி தீர்ந்ததும் நிறுத்திவிடலாம். வயிறு நிறைந்தபிறகும் 'இன்றைய கொழுப்புக் கணக்கு பாக்கி இருக்கிறது' என்று காபியில் வெண்ணெய் போட்டுக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் எடை நின்றுவிட்டது என்று புலம்புவார்கள். பயத்தைப் போக்குவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவது வேறு.

கேள்வி: சின்ன வயதிலிருந்து கொழுப்பு என்றால் மாரடைப்பு என்று கேட்டே வளர்ந்தோம். இவ்வளவு நாள் சொன்னது எல்லாம் பொய்யா அக்கா?

பதில்: பொய் என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது உண்மை இல்லை.

1950களில் அமெரிக்காவில் மாரடைப்பு பெரிய கவலையாக இருந்தது. அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் உணவுக் கொழுப்பையும் இதய நோயையும் இணைத்துப் பேசினார். அவருடைய ஏழு நாடுகள் ஆய்வு 1958ல் தொடங்கியது. 1961ல் அமெரிக்க இதயச் சங்கம் நிறைவுற்ற கொழுப்பை (வெண்ணெய், தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது) குறைக்கச் சொன்னது. 1980ல் அந்நாட்டு அரசின் உணவு வழிகாட்டியும் அதையே சொன்னது. இந்தப் பயணத்தில் 'நிறைவுற்ற கொழுப்பைக் குறையுங்கள்' என்ற பேச்சு மெல்ல 'கொழுப்பே வேண்டாம்' என்று ஆகிவிட்டது. கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரையையும் மாவையும் போட்டு 'கொழுப்பு குறைந்தது' என்று முத்திரை குத்தி விற்றார்கள். நம் தலைமுறையின் பயம் அந்த முத்திரையில் ஊறியது.

வேடிக்கை என்னவென்றால், கீஸின் அதே ஆய்வில் கிரீட் தீவு மக்கள் தங்கள் கலோரியில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்து எடுத்தார்கள், பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய். இதய நோய் அவர்களிடம் மிகக் குறைவு. ஆக, எவ்வளவு என்பதோடு எந்தக் கொழுப்பு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், எல்டிஎல் ஏறினால் ரத்தக்குழாய்க்கு ஆபத்து என்ற பகுதி இன்றும் உறுதியாகவே நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது.

இன்னொன்று, கீட்டோ நேற்று வந்த மோகம் இல்லை. 1921ல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக இதை முன்வைத்தார். அந்த மருத்துவ முறையில் புரதமும் கார்ப்பும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துத் தரும் உணவு அது. அந்த அளவை எடை குறைப்பவர்கள் பின்பற்றத் தேவையில்லை.

கேள்வி: முட்டை மஞ்சள்கரு தினமும் சாப்பிடலாமா? கொலஸ்ட்ரால்?

பதில்: ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. உணவுக் கொலஸ்ட்ராலுக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் என்றிருந்த உச்சவரம்பை அமெரிக்க வழிகாட்டி 2015ல் எடுத்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தால் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எந்தக் கொழுப்பு நல்லது?

பதில்: தினசரி ஊற்றுவதற்கு ஆலிவ் எண்ணெய், கூடவே அவகாடோ, கொட்டைகள், கொழுப்புள்ள மீன். ருசிக்கு வெண்ணெய். ஆலிவ் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 14 சதவீதம் போல, வெண்ணெயில் 50 போல, தேங்காய் எண்ணெயில் 80க்கும் மேல். கீட்டோ என்றாலே வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும்தான் என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ! பாதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயை (வனஸ்பதி போன்றவை) தொடவே வேண்டாம். அதில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் உங்கள் பயம் முழுக்க நியாயம்.

கேள்வி: நாலு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தேன். ட்ரைகிளிசரைட்ஸ் (ரத்தக் கொழுப்பு) 190லிருந்து 95 ஆகிவிட்டது. ஆனால் எல்டிஎல் 118லிருந்து 196. கீட்டோவில் இது சகஜம், கண்டுகொள்ளாதே என்கிறார்கள்.

பதில்: கண்டுகொள்ளுங்கள். ட்ரைகிளிசரைட்ஸ் இறங்கியது நல்ல செய்தி, பலருக்கும் நடப்பது. அதை வைத்து எல்டிஎல்லுக்கு மன்னிப்புக் கொடுக்க முடியாது. 190ஐத் தாண்டிய எல்டிஎல்லை மருத்துவர்கள் தீவிரமானதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எடை வேகமாக இறங்கும்போது எல்டிஎல் தற்காலிகமாக ஏறுவதுண்டு. எனவே எடை சில வாரம் நிலையாக நின்றபிறகு ஒருமுறை மறுபடியும் பாருங்கள். ஆனால் அதுவரை கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வெண்ணெய், கிரீம், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒதுக்கி ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் கொண்டுவாருங்கள். காய்கறியைக் கூட்டுங்கள். நீங்கள் ஒல்லியான ஆள் என்றால் கார்ப்பைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். கீட்டோவில் எல்டிஎல் தடாலடியாக ஏறுவது ஒல்லியானவர்களிடம்தான் அதிகம் தெரிகிறது. இவ்வளவுக்கும் இறங்கவில்லையென்றால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் இருக்கிறதா, மருந்து வேண்டுமா என்று மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம், இந்த வாரமே போங்கள்.

கீட்டோ தொடங்கும் முன்பே லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். முந்தைய எண் இல்லையென்றால் இன்றைய எண்ணை எதோடு ஒப்பிடுவது?

கேள்வி: கொழுப்பு கூட்டினால் வயிறு கலங்குகிறது. பித்தப்பை எடுத்தவர்கள் என்ன செய்வது?

பதில்: கொழுப்பைக் கரைக்கப் பித்தநீரும் செரிக்கக் கணையத்தின் நொதியும் வேண்டும். பல வருடம் கொழுப்பு குறைவாகச் சாப்பிட்ட உடம்பு ஒரே நாளில் பழகாது. மூன்று நாளுக்கு ஒருமுறை 10 கிராம் என்று ஏற்றுங்கள். பித்தப்பை இல்லாதவர்களுக்குப் பித்தநீர் சேமிப்பு இல்லை, சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே வேளையில் கொட்டாமல் எல்லா வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். எம்சிடி எண்ணெய் (சீக்கிரம் செரிக்கும் ஒருவகைக் கொழுப்பு) குடித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடியவர்கள் நிறையப் பேர், நானும் உண்டு. மலம் வெளிறி, எண்ணெய் மிதந்தால், அல்லது வலது விலாவுக்குக் கீழே வலித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு. கொழுப்பு சேரவில்லையா?

பதில்: பெரும்பாலும் உப்புதான் காரணம். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். ஒரு கிண்ணம் உப்புப் போட்ட சூப் குடித்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கேள்வி: அக்கா, கணக்கெல்லாம் புரிகிறது. ஆனால் பாட்டிலைச் சாய்க்கும்போது கை தானாக நிமிர்த்திவிடுகிறது. இதற்கு என்ன செய்வது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன். அறிவுக்குப் புரிந்தது கைக்குப் புரிய ஒரு மாதம் ஆகும்.

எனக்கு உதவியது இது. தனியாகக் கொழுப்பு என்று எதையும் சேர்க்கவில்லை, முதலில் எடுத்துப் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் மஞ்சள்கரு. அடுத்த வாரம் கோழித் தோல். மூன்றாவது வாரம்தான் எண்ணெய். அதையும் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றவில்லை. காலையில் 2 மேசைக்கரண்டி அளந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். இரவுக்குள் கிண்ணம் காலியாக வேண்டும், அவ்வளவுதான் விதி. முதல் நாள் பாதியைத் திரும்பப் பாட்டிலிலேயே ஊற்றினேன். நாலாம் நாள் காய்கறி மேல் விட்டுவிட்டு, கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததையும் ஒரு கீரைத் தண்டால் வழித்தேன்.

கூடவே ஒரு நோட்டில் ஒன்றை மட்டும் எழுதினேன்: சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்துப் பசித்தது. இரண்டரை மணி நேரம் என்றிருந்தது ஐந்தாகிப் பார்த்தபோது, டிஷ்யூ பேப்பர் தானாகக் கைவிட்டுப் போனது.

ஆனால் பயம் எண்ணெயோடு நிற்காமல் எல்லாச் சாப்பாட்டின் மேலும் இருந்தால், சாப்பிட்டபின் குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுக்கத் தோன்றினால், கீட்டோவை நிறுத்திவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எந்த டயட்டும் அதை இன்னும் மோசமாக்கும்.

கேள்வி: யாரெல்லாம் தொடவே கூடாது?

பதில்: கணைய அழற்சி வந்தவர்கள், கல்லீரல் செயலிழப்பு உள்ளவர்கள், பிறவியிலேயே கொழுப்பை எரிக்க முடியாத குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள். டைப் 1 சர்க்கரை நோயாளிகள் மருத்துவர் இல்லாமல் கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்கு அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோ அசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகிவிடும் நிலை) வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவள்தான் அக்கா. இன்று மத்தியானம் 3 முட்டை, மஞ்சள்கருவோடு. இப்போது மணி 7, இன்னும் பசிக்கவில்லை. நாளைக் காலை எடை பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். தினசரி எடையில் தெரிவது பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும், அது ஏறி இறங்கும். காலையில் அரைக் கிலோ கூடத் தெரிந்தால் மஞ்சள்கருவின் மேல் பழி போட்டுவிடுவீர்கள். எடைப் பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், பத்து நாள் கழித்து எடுக்கலாம். நாளைக்கும் 3 முட்டை.